ஆறு சென்டிமீட்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு இரும்பு டேப் கிடக்கிறது. இழுத்தால் ஒரு ஓரத்தில் சென்டிமீட்டர் தெரியும். இஞ்ச் இருக்கவேண்டிய மறு ஓரத்தில் நுனியிலிருந்து கடைசிவரை சிவப்பு நகப்பூச்சு. பூசியவர் என் அக்கா வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். மூன்று புட்டி காலி என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

மச்சானுக்கு அடி, இஞ்ச் என்றாலே ஆகாது. நாடு மீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாயிற்று, சின்னமனூருக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை என்பார். வீடு கட்டும்போது நிலைவாசல் அளவைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்தார். கொத்தனார் தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், போன் நம்பரா?" என்றார். நிலை ஒரு சாண் கூடுதல் உயரமாக வந்து சேர்ந்தது.

மாதா கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். அன்றாட வாழ்வுக்கு உகந்தது அடியா, மீட்டரா? தலைப்பே அவர் சொல்லி வைத்ததுதான். மீட்டருக்கு அவர், அடிக்கு நான். அடியைப் பற்றி எனக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு மைக் கிடைத்தால் போதும்.

அவர் நிதானமாகப் பேசினார். "அடியில சொன்னா அரை, முக்கால்னு குத்துமதிப்பா முடிச்சுருவோம். சென்டிமீட்டர் அப்படி விடாது. கொஞ்சம் குறைஞ்சாலும் காட்டிக் குடுத்துரும்." யாரும் கைதட்டவில்லை. நான் எழுந்தேன். "எங்க மச்சான் அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தாக. வந்ததும், நான் நூத்தி எழுபத்தஞ்சுன்னு உயரத்தைச் சொன்னாக. எங்க அய்யா அதைக் கிலோன்னு நெனச்சுட்டாக. ஆத்தா, இவருக்குச் சோறு போட நம்மளால ஆகாதுன்னு கண் கலங்கிட்டாக!" அவர் உயரத்தைத் தவிர அத்தனையும் பொய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை முழுக்க அவருடைய மாணவர்கள். மறுநாளிலிருந்து தெருவில் அவர் பெயர் 'நூத்தி எழுபத்தஞ்சு'.

மேடையை விட்டு இறங்கும்போது, "நல்லாப் பேசுன மாப்ள," என்றார். "இத்தனை வருசம் நான் சொல்லிக் குடுத்ததைப் பத்து நிமிசத்துல சிரிப்பாக்கிட்ட." அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. சிரிக்கவைப்பதுதான் என் தொழில், மன்னிப்புக் கேட்பது அதில் சேராது என்று எனக்கு நானே ஒரு வியாக்கியானம் வைத்திருந்தேன். மூன்று வருடம். நடுவில் அவருக்கு முதுகெலும்பில் ஏதோ நோய் என்றார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும் என்று எல்லா ஞாயிறும் நினைத்தேன்.

அவர் போன அன்று காலையில் சவப்பெட்டி செய்கிற ஆசாரி போன் செய்தார். "எத்தனை அடிண்ணே?" பக்கத்தில் நின்றவர்கள் அஞ்சே முக்கால் என்றார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "அடியில சொல்லாதடா. அங்கன அலமாரியில அவுக டேப் இருக்கு. அளந்து சொல்லு."

தலைமாட்டில் அவள் நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் கால்மாடுவரை இழுத்தேன். நூற்று அறுபத்தொன்பது. அக்கா நுனியைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தேன். அதேதான். என் முகத்தைப் பார்த்து, "கூன் விழுந்துருச்சுடா," என்றாள். "கொஞ்சங் கொஞ்சமா."

போனில் சொன்னேன். "அண்ணே, அடியில சொல்லுங்கண்ணே," என்றார் ஆசாரி. அடியில் எனக்குத் தெரியாது, உங்கள் டேப்பின் மறு ஓரத்தைப் பாருங்கள் என்றேன். அஞ்சே முக்கால் என்று சொல்லியிருந்தால் பெட்டி சரியாகவே இருந்திருக்கும். எனக்கும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

நகப்பூச்சு இப்போது அங்கங்கே உரிகிறது. உள்ளேயிருந்து இஞ்ச் கோடுகள் எட்டிப் பார்க்கின்றன. போன வாரம் ஒரு புட்டி வாங்கிப் பூசினேன். பூசி முடித்து, காயும்வரை நூற்று அறுபத்தொன்பதுக்கும் நூற்று எழுபத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நான்கு விரல் அகலம்கூட இல்லாத இடம். அதில் எந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கு மொத்தம்தான் தெரியும்.