இருபத்து நான்காம் மனையில் ஒரு கடைக்கால்

"மனை எண் 24. ஆவணத்தின் தன்மை: பரிவர்த்தனை." எங்கள் வேப்பம்பட்டு வீட்டுக்கான வில்லங்கச் சான்றில் உள்ள வரி இது. மாடி எடுக்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். அதற்காக என் மகள் போன வாரம் கைபேசியிலேயே அந்தச் சான்றை எடுத்தாள். "அப்பா, முதல்ல வேற யாரோ பேர்ல கிரயம் ஆயிருக்கு. அப்புறம் பரிவர்த்தனைன்னு உங்க பேரு வருது. ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

பிரச்சினைதான். அவள் பிறப்பதற்கு முன்பு நான் செய்தது.

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். பால்காரர் வராத நாளைக்கூட டைரியில் குறித்துவைப்பேன். ஆனால் அது தெரியவந்த நாளின் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ஞாயிறு. மழை இல்லை. சிமெண்ட் வந்தது. பாடியிலிருந்து ஒருவர் வந்தார்." மேற்கொண்டு எழுத அன்றைக்குக் கை வரவில்லை.

அப்போது ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரனான எனக்கு ஒரு பக்கம் சேலத்துக்காரர், மறுபக்கம் தஞ்சாவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது ஒரு வீட்டுமனைக்காரர் வேன் வைத்து எங்களை அழைத்துப் போவார். வேனில் பொட்டலம் பொட்டலமாகத் தயிர்சாதம். இறங்கியதும் கையில் நீல வரைபடம். புதிதாக அச்செடுத்த அந்தத் தாளில் ஒரு அம்மோனியா வாடை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை மூக்கில் ஏறினால், எனக்கு ஒரு சொந்த வீடு கிடைக்கப்போவதாக ஒரு நிமிஷம் தோன்றும்.

நான் வாங்கியது ஒன்பதாம் மனை. ஒரே வரிசையில் முப்பத்திரண்டு மனைகள். நட்ட கற்களில் சிவப்புச் சாயத்தில் எழுதிய எண்களை ஒரே மழைக்காலம் கழுவிவிட்டது. நான் கவலைப்படவில்லை. ஸ்டேஷன் பக்கம், தெரு தொடங்கும் இடத்திலிருந்து ஒன்பது எண்ணினேன். குவார்ட்டர்ஸில் வாழ்கிறவன் வேறெப்படி எண்ணுவான்? எங்கள் உலகத்தில் எல்லா வீட்டு எண்ணும் கேட்டிலிருந்துதான் தொடங்கும். உறைகிணறு இறக்கி, பி.எஃப். கடனில் கடைக்காலும் எழுப்பிவிட்டேன்.

அந்த ஞாயிறன்று சைக்கிளில் வந்தவர் எத்திராஜ். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர்.

"இன்னா சார், ஊடு உங்களுதா?"

"ஆமா. ஒன்பதாம் மனை."

"ஒம்போது அங்க ஏரியாண்ட கீது சார். இது இருவத்தி நாலு. என்து."

வரைபடத்தைப் பார்த்து நானே எண்ணியதாகச் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "படிச்சவங்கோ, தப்பா எண்ணுவீங்களா? எந்தாண்டேர்ந்து எண்ணீங்கோ?"

கடைக்கால் மேலேயே உட்கார்ந்து இருவர் பத்திரங்களையும் விரித்தோம். என் மனைக்கு எல்லை எட்டும் பத்தும்; அவருடையதற்கு இருபத்து மூன்றும் இருபத்தைந்தும். எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னனவே தவிர, ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. அடுத்த வாரம் நில அளவையர் வந்து, வயலாக இருந்த காலத்துச் சர்வே கல்லிலிருந்து சங்கிலி பிடித்தார். எண்கள் ஏரிப் பக்கத்திலிருந்து தொடங்கின. நான் கட்டியது எத்திராஜின் மேட்டு மனையில். என்னுடையது மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்.

இடிக்கச் சொன்னால் இடித்தாக வேண்டும். இன்னொரு கடைக்கால் போட எனக்கு வழியில்லை. எத்திராஜ் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தார்.

"தண்ணி நல்லா கீது. இத்த மூடச் சொன்னா எனக்கு இன்னா வரப்போவுது? உன் ஒம்போத எனக்குக் குடு. இத்த நீ வெச்சிக்க."

சாரும் 'ங்க'வும் அந்த வாக்கியத்தோடு போயின. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

குவார்ட்டர்ஸில் வாய்வார்த்தையாக மனை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பத்திரம் என்று போனால் என் தவறு ஊருக்கே தெரியுமே என்ற கூச்சத்தில் நானும் அதையே சொன்னேன். அவர் விடவில்லை.

"இன்னிக்கு நானும் நீயும் கீறோம். நாளைக்கு என் புள்ள, உன் புள்ள. அதுங்க ஒண்ணு மூஞ்ச ஒண்ணு பாத்துகினு பேசுமா? எழுதிடு அண்ணாத்தே. ஆபீஸுக்கு நீ அலை, நான் கையெழுத்துக்கு வரேன்."

மனைக்கு மனை மாற்றும் பரிவர்த்தனைப் பத்திரத்துக்காக அலைந்தேன். பத்திர எழுத்தர் தட்டச்சில் கார்பன் தாளைச் செருகியபடி காரணம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ், "ரெண்டு பேர் சௌகரியத்துக்குன்னு போடுய்யா" என்றார். நான் தப்பாக எண்ணிய கதை பத்திரத்தில் ஏறவே இல்லை.

சார்பதிவாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார். "மேட்டைக் குடுத்துட்டுப் பள்ளத்தை வாங்குறீங்க. யாராவது வற்புறுத்துறாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். ஏரிக்காத்து நல்லா வரும். நாந்தான் கேட்டேன்" என்று சொல்லி, மையில் தோய்ந்த கட்டைவிரலைத் தலையில் தேய்த்துக்கொண்டார் எத்திராஜ்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வங்கி மறு கேள்வி கேட்காமல் தலையசைத்தது. பதிவேட்டை நம்பலாம் என்று நான் சொல்வேன். அதில் எழுதச் சொன்ன மனிதரையும் சேர்த்துத்தான்.

இப்போது கைரேகைக்கு மை வேண்டாம், கார்பன் தாளும் வேண்டாம். வேன் வைத்துத் தயிர்சாதம் கொடுப்பவர்களும் இல்லை. ஏரிக்கரை வரை வீடுகள் வந்துவிட்டன. காற்று எங்கள் மொட்டை மாடிக்கே வருவதில்லை. ஒன்பதாம் மனைக்கும் சான்று எடுத்துப் பார்த்தேன். பரிவர்த்தனையான சில வருஷங்களிலேயே வேறொருவருக்குக் கிரயம் ஆகியிருக்கிறது. எத்திராஜ் அங்கே வீடு கட்டவில்லை. பாடியில் அவர் குடியிருந்த தெருவில் போய் விசாரித்தேன். அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஏரிக்காற்று அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்ததா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.