கூழாங்கல் ஆற்றில் புதுத்தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு போர்ட் லூயிஸ் ரயிலடியில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி ஏறினேன். கப்பலை விட்டு இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தரை இன்னும் காலுக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. மொரீஷியஸைச் சுற்றிப் பார்க்க வந்தவன் அல்ல நான். திருவையாற்றுக்குக் கிழக்கே நாலு மா நிலத்தில் நெல் போடுகிறவனுக்குச் சுற்றிப் பார்க்க நேரம் ஏது? இருபது வருஷத்துக்கு முன் கரும்புத் தோட்டத்துக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்த என் அண்ணன் வைத்தியலிங்கத்தைக் கையோடு அழைத்துவரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். "அவனையும் பொண்டாட்டி புள்ளையையும் ஒரு தரம் கண்ணால பாத்துட்டாப் போதும்டா" என்றாள். இரண்டு வருஷமாக அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்தக் கோபத்தை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

நகரம் முடிகிற இடத்தில் ரயில் ஒரு பெரிய பாலத்தின் மேல் ஏறியது. கிராண்ட் ரிவர் என்றார்கள். பெரிய ஆறாயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். பாலம் ஆகாயத்தில் நின்றது, ஆறு பாதாளத்தில் கிடந்தது. நான்கு பெண்கள் பாறைமேல் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கா இந்தப் பெயர் என்று சிரித்துவிட்டேன்.

வண்டி மேடேற ஏறக் குளிர் வந்தது. வக்குவாவில் மழை. கியூர்பீப்பில் மழையும் பனிமூட்டமும். இந்த நடுமேட்டில்தான் தீவின் பெரும்பாலான ஆறுகள் பிறந்து, ஆளுக்கொரு திசையாகக் கடலுக்கு ஓடுகின்றனவாம். எல்லாவற்றிலும் நீளமானது தென்கிழக்கே போகும் ஆறு. அதுவே இருபது மைலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் காவிரி கடலைப் பார்ப்பதற்குள் கிழவியாகிவிடுகிறாள். இங்குள்ளவை காலையில் பிறந்து மாலைக்குள் கடலில் விழுந்துவிடுகின்றன. வாய்க்கால் கிடையாது, மதகு கிடையாது. ஆறு ஊருக்குக் கீழே, பள்ளத்தில், தன் பாட்டுக்கு ஓடுகிறது. சர்க்கரை ஆலைகள் மட்டும் அதன் ஓரமாகப் புகைந்துகொண்டிருந்தன.

ரோஸ் பெல்லில் வண்டி மாறி, பிற்பகல் சுயாக் வந்து சேர்ந்தேன். அங்கிருந்து செமின் கிரனியே ஐந்து மைல். மாட்டுவண்டிக்கு ஒரு ரூபாய் கேட்டார் ஆறுமுகம் என்கிற வண்டிக்காரர். இந்தத் தீவிலேயே பிறந்தவர்.

"ஏறு முசே. நீ எந்த ஊரு?"

முன்பின் தெரியாதவன் 'நீ' என்கிறானே என்று சுருக்கென்றது. பேசப் பேசத்தான் புரிந்தது, அவருக்குத் தெரிந்த தமிழில் 'நீங்கள்' கிடையாது. 'முசே' என்பதிலேயே மரியாதை அடங்கிவிட்டது.

"எங்க சாவான் ஜில்லாவுல ஆறு நெறைய, முசே. காவடிக்கு ஆத்துல குளிச்சுதான் அலகு குத்தறது. கரகம் கட்டறதும் அங்கதான். ஆனா லாப்பிலி மலையில பெய்யும், இங்க வெயில் அடிக்கும். ஆறு சொல்லாம வரும்." லாப்பிலி என்றால் மழையாம்.

"வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போகணும். என் அண்ணன்."

ஆறுமுகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மாட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கரும்புக்காட்டு நடுவே தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதுதான் வாயைத் திறந்தார். "ஆத்தப் பத்தி அவர்கிட்டக் கேக்காத, முசே."

அண்ணன் வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர், அறுபது மாதிரி இருந்தார். பார்த்த மாத்திரத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதக் கை வலிச்சுதாண்ணே? அம்மா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்று பொரிந்து தள்ளினேன். அஞ்சலை அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"புள்ள எங்க அண்ணி? ஒம்பது வயசு இருக்குமே?"

அண்ணி டம்ளரை வைத்த கையோடு உள்ளே போய்விட்டார். அண்ணன் சொன்னார், "மொதல்ல சாப்பிடு. காலையில பேசிக்கலாம்."

புதன்கிழமை நல்ல வெயிலோடு விடிந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வடக்கே மலையைப் பார்த்தவர், மூலையிலிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தையும் ஒரு கட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்றும் புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். கரும்பு முடிகிற இடத்தில் நிலம் செங்குத்தாக இறங்குகிறது. கீழே ரிவியேர் தே காலே. கூழாங்கல் ஆறு என்று அர்த்தம். முழங்காலளவு தண்ணீர்தான் சலசலத்துக்கொண்டிருந்தது. அண்ணன் பாதை முகப்பில் நின்று தகரத்தை அடி அடியென்று அடித்தார். கீழே துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை வாரிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் ஓர் இரைச்சல் கேட்டது. ஆறு வந்தது. மண்ணும் மரமும் பாறையுமாக, ஆள் உயரச் சுவராக வந்தது. ஒரு துளி மழை எங்கள் மேல் விழவில்லை.

அது வடியும்வரை அண்ணன் அங்கேயே நின்றார். பிறகு தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

பெண்ணுக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். பெற்றவள் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று 'ஆயி' என்றே கூப்பிட்டிருக்கிறார். தினம் பொழுது சாய்ந்தால் அவளுக்குக் காவிரிக் கதைதான்.

"ஆனி மாசம் புதுத்தண்ணி வரும்னு சொல்லுவேன். காஞ்ச மணல்ல நுரை கட்டிக்கிட்டு மெதுவா ஊர்ந்து வரும், புள்ளைங்க கையில பூவோட முன்னால ஓடும், தண்ணி வந்து கால் வெரல்ல குறுகுறுன்னு தொடும்னு சொல்லுவேன். நம்ம ஆத்துக்கும் வருமாப்பான்னு கேப்பா. வரும் ஆயின்னு சொன்னேன்டா. நான்தான் சொன்னேன்."

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம். அண்ணனும் அண்ணியும் கரும்பில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் கேட்டதும் ஆயி வாசலில் பூத்திருந்த சாமந்தியை மடி நிறையப் பறித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். 'புதுத்தண்ணி வருதுப்பா' என்று கத்தினாளாம். அண்ணன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடலோரம் முழுக்க வலைக்காரர்கள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. இதை எந்தக் கையால் அம்மாவுக்கு எழுதுவது என்று கேட்டார். முந்தின நாள் அவரை ஏசியதை நினைத்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பத்து நாள் தங்கினேன். ஊருக்கு வரச் சொல்லித் தினமும் கேட்டேன். அம்மாவைச் சொல்லிக் கேட்டேன், அழுதும் கேட்டேன். அண்ணி ஒருநாள் ஒதுங்கி வந்து சொன்னார். "இவரக் கூப்பிடாதீங்க தம்பி. தகரம் அடிக்கறதாலதான் உசுரு இருக்கு இவருக்கு. நானும் எங்க வர்றது? எம் புள்ள இந்தத் தண்ணியில இருக்கு."

கிளம்பும் நாள் காலை, வண்டி பூட்டியாகிவிட்டது. ஆறுமுகம் என் பெட்டியை ஏற்றினார். ரயிலடி வரை வருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். வாசலில் நின்றவர் மலையைப் பார்த்தார்.

"கறுத்திருக்குடா. நீ கெளம்பு." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. புதுத்தண்ணி வரும்போது ஆயிக்காக நாலு பூ போடச் சொல்லு. அவ காவேரியப் பாத்ததே இல்ல."

தகரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செமின் கிரனியே கோயிலைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

அந்த வருஷப் புதுத்தண்ணீருக்கு நான் ஊர் போய்ச் சேரவில்லை. போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு அண்ணனைக் கூட்டிவா என்று சொல்லவே இல்லை.

மறுவருஷம் ஆனியில் ஊரே மணலில் இறங்கி நின்றது. கற்பூரத் தட்டோடு பெரியவர்களும், பூவோடு பிள்ளைகளும் நின்றார்கள். மேற்கே நுரை தெரிந்ததும் என் மகள் ஓடப் பார்த்தாள். அவள் கையை நான் விடவில்லை. வலிக்கிறது என்று சிணுங்கினாள், அப்போதும் விடவில்லை. அம்மா மட்டும் மடியில் சாமந்தியோடு போய் மணலில் உட்கார்ந்தாள். தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்து அவள் கால் விரலை நனைத்தது. பூவைப் போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு மெதுவா வருது பாருடா" என்றாள். "இப்படித்தான் வரும்னு நெனச்சு நின்னிருக்கு அந்தப் புள்ள."