கம்பித் தடுப்பில் சிக்கிய வலைத் துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், மீன்பிடித் தடைக்காலத்தில், திருவொற்றியூரில் நடந்தது இது. நான் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவன். தடைக்காலத்தில் எல்லாப் படகும் வேலைக்கு வந்துவிடும், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

என் மனைவியின் தம்பி எண்ணூர் முகத்துவாரத்தில் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் பிடிப்பவன். ஒரு வாரமாகக் கால்வாய் கறுத்து நாறியது. இறால் செத்து ஒதுங்கியது. அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த இறாலை நம்பித்தான்.

எங்கள் பகுதிச் சாக்கடையைச் சுத்தம் செய்து கால்வாயில் விடும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அவர்கள் மேல்தான் சந்தேகம். எனக்கும்தான். கரன்ட்டை மிச்சம் பிடிக்க மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே திறந்துவிடுகிறார்கள் என்று பேச்சு.

"நீ மிஷின் தெரிஞ்சவன் மாமா. ஓடுதா, சும்மா கீதான்னு நீ பார்த்தா தெரிஞ்சிடும், வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாறு பேர் போனோம். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, பின்னால் நின்றேன். பொறுப்பில் இருந்தவர் முப்பது வயதுப் பெண். அவர் பேசும்போதே நான் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. நாங்கள் வருவது தெரிந்து போட்டிருப்பார்களோ என்றும் தோன்றியது. ஆனால் இப்போதுதான் போட்ட மோட்டார் அவ்வளவு சுடாது.

அவர் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்திருந்தார். அழுக்கைத் தின்னும் கிருமிகள் உயிரோடு இருந்தால், அரை மணி நேரத்தில் கசடு கீழே படிந்து மேலே தெளிய வேண்டுமாம். குடுவை முழுக்கக் கலங்கலாகவே இருந்தது. யாரோ எண்ணெய் ஊற்றிக் கிருமிகளைக் கொன்றுவிட்டார்கள் என்றார். அவருடைய சந்தேகம், வீடுகளில் கழிவுநீர் எடுத்து வந்து இங்கே விடும் லாரி டிரைவர் மேல். இனி அந்த வண்டியை உள்ளே விடக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

டிரைவர் அங்கேயே நின்றிருந்தார், என் வயது இருக்கும். கைகூப்பினார். "புள்ளைங்க மேல சத்தியமா மேடம், வூட்டுக் கழிவு தவிர வேற ஒண்ணும் என் வண்டில ஏறல."

"லாரிப் பட்டறைல கழிவு ஆயில வாங்கியாந்து ஊத்திட்டு இன்னா நடிப்பு பாரு" என்றான் என் மச்சான்.

அந்தச் சத்தத்தில் நிற்க முடியாமல் நான் ஒதுங்கிப் போனேன். சாக்கடை உள்ளே வரும் இடத்தில் குப்பையை மறிக்கும் கம்பித் தடுப்பு இருந்தது. சிக்கியதை வாரிப் பக்கத்தில் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில், எண்ணெயில் ஊறிய பச்சை வலைத் துண்டுகள்.

லாரிப் பட்டறையில் பனியன் துணியில் துடைப்பார்கள். கிழிந்த வலையைச் சுருட்டி எஞ்சின் துடைப்பது படகு வேலை செய்கிற நாங்கள்தான். அந்த வருடம் பழைய எண்ணெய் வாங்கும் ஆள் வரவில்லை. கடலில் ஊற்றக் கை வரவில்லை. அதனால் துடைத்த துண்டுகளோடு சேர்த்து, நாலு டிரம் எண்ணெயை முந்தின வாரம் தெருச் சாக்கடை மூடியைத் திறந்து ஊற்றியிருந்தேன். சாக்கடையைச் சுத்தம் செய்யத்தான் நிலையம் இருக்கிறதே என்று நினைத்தேன். லாரி மேல் பேச்சு போனதால், அது என் எண்ணெயாக இருக்கும் என்று அதுவரை தோன்றவே இல்லை.

திரும்பி வந்தேன். டிரைவர் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை. அந்தப் பெண் எழுதத் தாளை எடுத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"மேடம், அது நான் ஊத்துனது."

மச்சான் சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். அந்தப் பெண் திட்டவில்லை. எத்தனை டிரம், எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டார். கிருமிகள் மறுபடி பெருகப் பல நாள் ஆகும் என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் தெளிந்து இறால் வந்த பிறகுதான் மச்சான் என்னோடு பேசினான். இப்போது எங்கள் கரையில் யாரும் மூடியைத் திறப்பதில்லை, வாங்க ஆள் வரும்வரை டிரம்கள் ஷெட்டிலேயே கிடக்கும்.

எண்ணெய் ஊற்றியதைத் தெரியாமல் செய்த தப்பு என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த பிறகும், அந்த மனிதர் கைகூப்பி நின்ற அந்தச் சில நிமிடங்கள் நான் வாய் மூடி நின்றதற்கு இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.