பாதிக் குளிசை

முதலாம் வகுப்பில் எங்கள் டீச்சருக்குப் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணினால் பிடிக்காது. பத்துக் கட்டத்தில் புள்ளி வைத்த அட்டையொன்றைக் கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். "எண்ணக் கூடாது. பார்த்ததச் சொல்லுங்க" என்பார். மேல் வரிசையில் ஐந்து, கீழே இரண்டு என்றால் ஏழு. பத்தாக இன்னும் எத்தனை வேண்டும் என்பதை வெறுங்கட்டங்களே சொல்லிவிடும். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் நான்தான் கடைசி. ஆனால் இதில் என்னை ஒருவரும் முந்த முடியாது. அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டுத் தலைகளை ஒரே பார்வையில் சொல்லிச் சொல்லி அம்மாவைத் தொணதொணப்பேன்.

ஒருநாள் டீச்சர், வீட்டில் மாத்திரை முடிந்துபோன குளிசைக் கார்ட் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து பள்ளம். அதில் பாசிமணி போட்டுக் கணக்குச் செய்யலாமாம். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? அம்மாவுக்கு இருதய வருத்தம், தினமும் காலையில் ஒரு குளிசை. அலுமாரித் தட்டிலிருந்த கார்ட் எப்போது முடியும் என்று காலையும் மாலையும் எட்டிப் பார்த்தேன்.

அது முடிகிற வழியாக இல்லை. ஆறு இருந்தது. ஒருநாள் காலை, ஒரு பள்ளத்தில் மட்டும் பாதிக் குளிசை கிடந்தது, ஈயத்தாளை மடித்து மூடியபடி.

"அம்மா, அஞ்சரை!" என்று கத்தினேன்.

அம்மா பிளேடைத் துடைத்து வைத்தாள். "சத்தம் போடாத மகள். எனக்கு இப்ப சொகமாகிருச்சு. பாதி போதும்."

சுகமானவள் தண்ணீர் வாளியைப் பாதி மேட்டில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியதையும், வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாததையும் நான் பார்க்காமலில்லை. ஆனாலும் கணக்குச் சரியாகத்தானே இருந்தது! வருத்தம் குறைந்தால் குளிசையும் குறையும். வகுப்பில் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன். எப்போதும் கைதட்டும் டீச்சர் இம்முறை தட்டவில்லை. என்னை அருகில் கூப்பிட்டு, "அப்பா வந்ததும் இத அப்படியே அவர்கிட்ட சொல்லணும், மறந்துறாத" என்றார்.

அப்பாவுக்குக் கெலிஓயாவில் ஒரு பேக்கரியில் போரணை அடுப்பில் வேலை. அங்கேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார். ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை இல்லாமல்போய், வெளியே காசுக்கு வாங்கச் சொன்ன காலம் அது. "குளிசை இருக்கா?" என்று வாராவாரம் கேட்பார். "நெறைய இருக்கு" என்பாள் அம்மா. அந்த ஞாயிறு நான் முந்திக்கொண்டேன்.

"அம்மாவுக்குச் சொகமாகிருச்சுப்பா! பாதி பாதியாத்தான் குடிக்கிறாங்க. கார்ட் தீரவே மாட்டேங்குது!"

அப்பா கார்டை எடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"புள்ளைக்கு ஸ்கூலுக்குப் போடச் சப்பாத்து வாங்கணும்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அப்பா திட்டவில்லை. பைப்படிக்குப் போய் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். அப்படியே கண்டி டவுனுக்குப் போய், இருட்டுமுன் மூன்று கார்ட் வாங்கி வந்தார்.

மூன்றும் முழுக் கார்ட். ஒரு பள்ளம்கூட வெறுமையில்லை. முப்பது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முப்பது குளிசை குடிக்கும் அளவுக்கா அம்மாவுக்கு வருத்தம்? "வேணாம்பா, திருப்பிக் குடுத்துருங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். அவர் என் விரல்களைப் பிரித்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு முழுக் குளிசையைக் கொடுத்தார். அவள் விழுங்கினாள்.

அந்த மாதம் முடியுமுன் அம்மா இறந்துபோனாள்.

சாவு வீட்டில் எல்லோரும் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மட்டும் அவர் பக்கம் போகவில்லை. பாதிக் குளிசையில் நன்றாயிருந்தவளுக்கு முழுக் குளிசை கொடுத்தது அவர்தான். நான் கண்ணால் கண்ட கணக்கு அது. பல மாதங்கள் அவர் மடியில் உட்காரவில்லை, அவர் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கவில்லை. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. வாராவாரம் கேட்டதோடு நின்று, கார்டை எடுத்துப் பார்க்காத தானே அம்மாவின் சாவுக்குக் காரணம் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.