காற்றை நிறுத்திய சுவரொட்டிகள்

பலமனேரில் நான் வீடு என்று நினைத்து வாடகைக்கு எடுத்தது ஒரு சல்லடையை. சித்திரை வெயிலில் சித்தூரிலிருந்து கணவாய் ஏறி வந்தவன், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் கோடையில் தங்கக் கட்டிய அந்தப் பழைய பங்களாவின் முன்னறையில் நின்றேன். முகத்தில் அடித்த குளிர்ந்த காற்றில் சொக்கிப்போய், "காற்று எப்போதும் இப்படித்தான் வருமா?" என்று கேட்டேன். "எப்பவும் வரும் சார்" என்றார் வீட்டுக்காரர். உண்மையைச் சொன்ன மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது. சன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி இல்லை, மீதிக்குப் பலகைகள் பொருந்தவில்லை. இவ்வளவு பெரிய வீட்டுக்கு வாடகை ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்கத் தோன்றாத ஒருவனைத்தான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வைத்திருந்தார்கள்.

மார்கழியில் என் மாமியார் வந்தார். சித்தூரில் பிரசவம் முடிந்திருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகத் திட்டம். வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் சால்வையைக் கழற்றுவார்கள். அவர் பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இன்னா மாப்ள, வூட்டுக்குள்ள இருக்கமா, ரோட்டுல இருக்கமா?"

காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்று நான் ஆரம்பித்தேன்.

"யார் ஒடம்புக்கு?" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அதன் மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்குறேன். காத்து நிக்கலன்னா ரெண்டு பேரையும் திரும்ப சித்தூருக்கு இட்டுக்கினு போய்டுவேன். வெயில் வந்தப்புறம் வந்து பாத்துக்குங்க."

மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காக நான் கும்முட்டி அடுப்பில் கரி போட்டு விசிறினேன். சூடு சன்னல் வழியாக வெளியேறித் தெருவைக் கதகதப்பாக்கியது. கோணிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். அவை காற்றில் உப்பி, கர்ப்பிணிகளைப் போல ஆடின. கண்ணாடி போட ஆளைக் கேட்டேன். அவர் சொன்ன கூலிக்கு நாங்கள் குளிரிலேயே இருந்துவிடலாம். என் மாமியாரோ இடுப்பில் கைவைத்தபடி நின்று, சங்கீதம் பாடுவது போல மெல்லிய குரலில், "மேல ஒரு ஓட்ட, கீழ ஒரு ஓட்ட" என்று எனக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு பிரியமாகக் கேலி செய்தவர் வேறு யாருமில்லை.

அப்போது ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கமும் கூச்சலாக இருந்த காலம். தமிழ்ப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் ஒரு பெரிய கட்டுச் சுவரொட்டி கொடுத்து, ஊரெல்லாம் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் தெலுங்கர். எனக்கோ வேலை வேண்டும். ஆகவே என் வீரத்தை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தலைமை ஆசிரியரே என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தார். தெருமுனை திரும்பியதும் என் கால்கள் நின்றுவிட்டன. பங்களாவின் ஒவ்வொரு சன்னலிலும், சட்டத்துக்குச் சட்டம், கொட்டை எழுத்தில் "சித்தூர் தமிழருக்கே!" மாமியார் கட்டைக் கண்டெடுத்து, மைதாப் பசை காய்ச்சி, ஓட்டை ஒன்று விடாமல் உள்ளேயிருந்து ஒட்டியிருந்தார். எழுத்தெல்லாம் தெருப்பக்கம்.

"அத்தை, எழுத்தை ஏன் வெளியே வைத்தீர்கள்?" என்றேன், அழாத குறையாக.

"உள்ள வெள்ளையா இருந்தாதான் வூடு மாதிரி இருக்கும். கறுப்பு எழுத்தப் பாத்தா கொளந்த மெரண்டுக்கினு அழுவும்."

தலைமை ஆசிரியருக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். ஒவ்வொரு சன்னலாக நின்று வாசித்தார். கிழித்தால் காற்று வரும், மனைவி போவாள்; விட்டால் வேலை போகும். இரண்டையும் நினைத்து நான் வியர்த்தேன். அந்த வீட்டில் நான் வியர்த்தது அதுதான் முதல்முறை. அவர் உள்ளே வந்தார், குழந்தையின் கன்னத்தைத் தொட்டார், சுற்றிலும் பார்த்தார்.

"ஏமய்யா, சித்தூர எடுத்துக்கோண்டி. பலமனேர் குளிரையும் சேத்து எடுத்துக்கோண்டி!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒரு கட்டு குடுத்துட்டுப் போனாங்கய்யா, தெலுகுல. ஒட்ட பயமா இருந்துது. ஸ்கூல் பீரோலயே கெடக்குது" என்றார்.

சனிக்கிழமை காலை அந்தக் கட்டு வந்து சேர்ந்தது. மாமியார் மேற்பார்வையில் தலைமை ஆசிரியர் பசை தடவ, நான் ஸ்டூலில் ஏறி வெளிப்பக்கம் ஒட்டினேன். எழுத்து உள்ளே பார்க்க, வெள்ளை தெருவைப் பார்க்க. சித்தூர் எங்களுக்கே என்று இரண்டு மொழியும் முகத்தோடு முகம் வைத்துக் கத்திக்கொண்டிருந்தன. உள்ளேயும் வெளியேயும் ஒரு சத்தமில்லை. கும்முட்டியின் சூடு அறையைவிட்டு நகரவில்லை.

பிறகு எல்லையை யார் யாரோ உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மாமியார் இன்றில்லை. நான் இப்போது இருக்கும் அடுக்குமாடி வீட்டில் சன்னலைச் சாத்தினால் ஈ கூட நுழையாது. ஆனாலும் மார்கழி வந்தால் மைதாப் பசையின் புளித்த வாசனையைத் தேடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து திரும்பியபோது, மாமியாருடைய பெட்டி கட்டி முடித்துக் கதவோரம் இருந்தது. மனைவி அடுக்களையில் இருந்தாள். அவர் குழந்தையின் பாதங்களை உள்ளங்கையில் பொத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கதவில் நின்றபடியே, "அத்தை, மூன்று பேருக்கும் பஸ்ஸில் இடம் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நா மட்டும்தான் போறேன், கதவ சாத்துங்க."