சமையல்கட்டும் கருப்பண்ணசாமியும்

பூமரத்துப்பட்டியில் யாரைக் கேட்டாலும் கலைமணிக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஜாஸ்திதான். கைகாட்டியும் பஸ் நிற்காமல் போய்விட்டால், அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்பும் வரைக்கும் டிரைவர் காதில் அவள் திட்டுவது விழும். ஆனால் அந்த வாயில் பொய் வராது. அதுதான் கடைசியில் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அந்த மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது, அவ்வளவுதான். தேவனூர் நாட்டிலிருந்து வளப்பூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். புருஷன் காளியண்ணன் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவன், வீட்டில் பேச்சு முழுவதையும் பெண்டாட்டிக்கே விட்டுக்கொடுத்துவிட்ட புண்ணியவான். அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஆறு வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. ஒரே அறை. அதனால் சமையல் எல்லாம் பின்பக்கத் தகரச் சாய்ப்பில். சாய்ப்போ தாழ்வு. நிமிர்ந்தால் தலையில் தகரம் இடிக்கும், உட்கார்ந்தால் சாரல் அடுப்புக்குள் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகமே இறங்கி அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈர விறகை ஊதி ஊதி, குனிந்து குனிந்தே கிண்டிய களிக்குக் கணக்கில்லை. மகனைப் பெற்று வளர்த்து, நாமக்கல்லில் லாரி பட்டறை வேலைக்கு அனுப்பியதும் அந்தக் குனிந்த முதுகோடுதான்.

பிறகு ஒரு வழியாக அவளும் காளியண்ணனும் சேர்ந்து ஒரு சமையல்கட்டு கட்டினார்கள். கல் சுமந்தது அவள், சுவர் வைத்தது அவன். கூரையை உயர்த்திப் போடச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரி வைக்காததே நல்லதாயிற்று, வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். முதல் நாள் அதில் நிமிர்ந்து நின்று சாமை அரிசி களைந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது சமையல்கட்டைத்தான். அந்தக் கட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

வீடுகளுக்குப் பின்னால் ஊராட்சி நிலம் ஒன்று கிடந்தது. பூங்காவுக்கென்று ஒதுக்கியது என்பார்கள். பூங்கா என்று எழுதி வைத்ததோடு சரி, உண்ணிப்புதர்தான் செழித்து வளர்ந்தது. ஆறு வீட்டுக்காரர்களும் சும்மா கிடக்கிற மண்ணைச் சும்மா விடுவானேன் என்று இரண்டு காப்பிச் செடி, நாலு மரவள்ளிக்கிழங்கு என்று கையை நீட்டிக்கொண்டே போனார்கள். அத்தனை வருஷம் ஒரு ஆள்கூட ஏன் என்று கேட்கவில்லை. இப்போது திடீரென்று சிறுவர் பூங்காவுக்குப் பணம் வந்துவிட்டது. ஊஞ்சல் வருகிறது, சறுக்குமரம் வருகிறது, சுற்றிக் கம்பிவேலி வருகிறது என்று ஊராட்சித் தலைவர் பொங்கியண்ணன் வந்து நின்றார். வேலிக்குக் கோடு பிடித்துப் பார்த்தால், அது கலைமணியின் சமையல்கட்டுக்குள் புகுந்து வெளியே வந்தது.

“ஏனுங்க தலைவரே, உங்க ஊஞ்சல எங்கூட்டு அடுப்பு மேலதான் கட்டோணுமா?” என்று ஆரம்பித்தாள். “உங்க ஓட்டுக்கு நாங்க வேணும், உங்க வேலிக்கு நாங்க வேண்டாமாக்கும்?”

“அக்கா, உங்க கட்ட இடிக்கோணும்னு எனக்கென்ன நேர்த்திக்கடனா?” என்றார் பொங்கியண்ணன். அவர் அடுத்த ஊர்க்காரர், நல்ல மனுஷன். “இடத்துக்கு ரெண்டு மூலையில அளவுக்கல்லு இருக்கோணும். ரோட்டோரக் கல்லு இருக்குது. உங்கூட்டுப் பக்கத்துக் கல்லத்தான் காணோம். அது கெடச்சா கல்லு சொல்றதுதான் எல்லை. கெடைக்காட்டி சர்வேயர் வந்து வரைபடத்த வெச்சு அளப்பாரு. நான் என்ன பண்ணட்டும்?”

கலைமணிக்கு அந்த நொடியே தெம்பு வந்துவிட்டது. கல் கண்டிப்பாகத் தன் சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னாள். கல்லைத் தாண்டிக் கட்ட தன் மாமியாரும் விட்டிருக்க மாட்டாள், காளியண்ணனுக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது என்பது அவள் நியாயம். மண்வெட்டியோடு இறங்கி உண்ணிப்புதரை வெட்டித் தள்ளினாள். பக்கத்து வீட்டுச் சுகுணாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே தேடினாள், அவளுடைய காப்பிச் செடிகளும் அந்தப் பக்கம்தானே நின்றன! கை முழுக்க முள் கீறியதுதான் மிச்சம், கல் அகப்படவில்லை. ஊராட்சிக்காரன்தான் திருடிவிட்டான் என்று கலைமணி பொங்கியண்ணன் காதுபடவே பேசினாள்.

எல்லாம் ஓய்ந்துபோய்க் கடைசியில் பலாமரத்தடிக் கருப்பண்ணசாமியிடம் போய் விழுந்தாள்.

இந்தக் கருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கால் உயரக் கல். எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் வருஷக்கணக்காக ஏறி ஏறி உருண்டு திரண்டு, பார்த்தாலே கையெடுக்கத் தோன்றும். முதலில் அவர் பலாமரத்தடியில் இல்லை. கலைமணி வாழ வந்தபோது தகரச் சாய்ப்பை ஒட்டித்தான் இருந்தார், மாமியார் விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சமையல்கட்டுக்குக் கடைக்கால் எடுத்தபோது சரியாகக் குறுக்கே நின்றார். எச்சில் தண்ணி தெறிக்கிற இடத்தில் சாமி இருக்கலாமா? ஆறு வீட்டாரும் கூடிப் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு வாங்கி, மேளத்தோடு தூக்கிப்போய், புதரைத் தாண்டி இருந்த பலாமரத்தடியில் நட்டார்கள். சாமி இருந்த இடம் காலில் மிதிபடக் கூடாதென்று கலைமணி அதே இடத்தில் அடுப்பைப் போட்டாள்.

“கருப்பா, அந்தக் கல்ல மட்டும் கண்ணுல காட்டிரு சாமி,” என்று வேண்டினாள். “கொண்ட செவந்த சேவலாப் பாத்து ஒண்ணு உனக்கு.”

சர்வேயர் வருகிற நாள் வந்தது. விடிந்ததும் கலைமணி குடத்தோடு பலாமரத்தடிக்குப் போனாள். சாமியைச் சும்மா மேலுக்கு நனைத்தால் போதாது, இன்றைக்கு நன்றாகக் குளிப்பாட்டிக் குஷிப்படுத்த வேண்டும் என்று சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் வருஷக்கணக்கான மஞ்சளும் எண்ணெயும் பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தன. அந்த நேரம் பார்த்துப் பொங்கியண்ணனும் சர்வேயர் அர்த்தனாரியும் வந்து சேர்ந்தார்கள். ஆறு வீட்டுச் சனமும் கூடிவிட்டது.

அர்த்தனாரி மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு சாமி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, தலையில இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்க.”

கலைமணி ஊற்றினாள். கல்லின் தலையில் உளியால் வெட்டிய கூட்டல் குறி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அர்த்தனாரி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுதாங்க நீங்க தேடுற கல்லு. எங்க ஆளுக நட்ட அளவுக்கல்லத்தான் இத்தன காலமாக் கும்பிட்டிருக்கீங்க.”

அடேயப்பா, அதைக் கேட்டதும் அங்கே எழும்பிய சத்தம்! சுகுணா ஓடிவந்து கலைமணியைக் கட்டிக்கொண்டாள். பலாமரம் எங்கே, சமையல்கட்டு எங்கே? அங்கிருந்து கோடு போட்டால் கட்டு மட்டுமில்லை, ஆறு வீட்டுக் காப்பிச் செடியும் தப்பித்தது. அர்த்தனாரியும் கருவியை விரித்து வைத்துவிட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்:

“இந்தக் கல்லு ஆதியிலிருந்தே இந்த எடத்துலதான இருக்குது?”

சத்தம் அப்படியே அடங்கிப்போனது. காளியண்ணன் தரையைப் பார்த்தான். சுகுணா கலைமணியின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள், அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஆமாங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நிமிர்ந்து நின்று சமைத்த சமையல்கட்டு. அதை விட்டுத் திரும்பவும் அந்தத் தகரச் சாய்ப்பா? ஆமாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக. ஆனால் மஞ்சளெல்லாம் போய், குளிப்பாட்டித் துவட்டாத குழந்தை மாதிரி ஈரம் சொட்டச் சொட்ட கருப்பு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“இல்லீங்க,” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நாங்கதானுங்க எடுத்தாந்து இங்க வெச்சோம். சாமின்னு நெனச்சு.”

சொன்னதோடு நிற்காமல் விறுவிறுவென்று நடந்து எல்லோரையும் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் எரிகிற அடுப்பைக் காட்டினாள். “இங்கதானுங்க இருந்துச்சு. இந்த எடத்துலயேதான்.”

அர்த்தனாரி கருவியை எடுத்துவந்து அடுப்புக்கு நேராக வைத்தார். பொங்கியண்ணனுக்கே மனசு கேட்கவில்லை. “ஏக்கா, பேசாம இருந்திருக்கலாமில்ல?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சாமி முன்னால நிக்க வெச்சா கேப்பாங்க?” என்று கலைமணி அவர்மேல் பாய்ந்தாள். “தனியாக் கூப்புட்டுக் கேட்டிருந்தா நானா சொல்லியிருப்பேன்? போங்க!” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மழைக்காலம் முடியட்டும், தையில் இடித்தால் போதும் என்றார் தலைவர். இடிக்க ஆளும் அனுப்புகிறேன் என்றார். கலைமணி ஒத்துக்கொள்ளவில்லை. தான் சுமந்த கல்லில் வேறு ஆள் கை வைக்கக் கூடாதென்று அவளும் காளியண்ணனும் சேர்ந்துதான் சுவரைப் பிரித்தார்கள். அதே கல்லை வைத்து இந்தப் பக்கம் தள்ளி ஒரு சுவர் வைத்தார்கள். மிஞ்சியது பாதிக் கட்டு, ஒருத்தி திரும்பினால் சுவரில் முழங்கை இடிக்கும். கூரையை மட்டும் ஒரு விரல்கூடத் தாழ்த்த அவள் விடவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் கருப்பு திரும்பவும் வந்து நின்றார், பின்சுவருக்கும் பூங்கா வேலிக்கும் நடுவே. அளவுக்கல் என்று தெரிந்த பிறகும் மஞ்சள் பூசுவதை யாரும் நிறுத்தவில்லை. அர்த்தனாரியே, “கும்புடுங்க, வேண்டாங்கல. தூக்காதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுகுணாதான் காப்பிச் செடி போன ஆத்திரத்தில் கலைமணியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சேவல் பாக்கியிருந்தது.

“கட்டும் போச்சு, சேவல் வேறயா?” என்று காளியண்ணன் அதிசயமாக வாயைத் திறந்தான்.

“கேட்டதக் குடுத்துட்டாரில்ல,” என்றாள் கலைமணி.

கொண்டை சிவந்த சேவலாகவே தேடிப் பிடித்து அறுத்து, புதுச் சுவருக்குள் நின்று குழம்பு வைத்தாள். ஊரைக் கூப்பிட்டாள், பேசாத சுகுணாவையும் வாசலில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்தார்கள். சுகுணா கடைசியாக வந்து, கூட்டத்துக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இலை போட்டுப் படைத்து, சூடத்தைக் கையில் எடுத்த கலைமணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“ஏஞ்சாமி, கல்லக் காட்டுன்னேன், காட்டிப்போட்ட. உன்மேல குத்தஞ்சொல்ல ஒண்ணுமில்ல. கட்டக் காப்பாத்துன்னு கேக்கறதுக்கு எனக்குத்தான் புத்தி போகல. இருந்தாலும் உனக்காத் தெரிய வேண்டாமா? அடுப்படியில ஒக்காந்திருந்தவந்தான நீ?”

பின்னாலிருந்து சுகுணாவின் குரல் வந்தது.

“அடுத்த வாட்டி வேண்டுறப்ப என்னையக் கூப்புடு. எப்பிடிக் கேக்கோணும்னு நான் சொல்லித் தாரேன்.”

கலைமணிக்குச் சிரிப்பு பீறிட்டது, கண்ணில் தண்ணீர் நிற்கவும் இல்லை. சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, கரண்டியோடு பந்திக்கு வந்தாள். ஈரலை முதலில் சுகுணா இலையில்தான் போட்டாள்.