பார்க்கக் கூடாத சிரிப்பு

நடக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் அந்த அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேசை முனையில் தலை இடிப்பதற்குள் அவள் உள்ளங்கை அங்கே இருக்கும். வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் அவளுக்கு ‘ஓட்டக்கார அக்கா’ என்றே பெயர். பெயர் நன்றாகத்தான் இருந்தது, பிழைப்புதான் நன்றாக இல்லை. ஓடுகிற பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவிடும். மறுநாள் அக்கா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

கைக்குழந்தை வீடுகளுக்கு எப்போதும் ஆள் தேவை. ஒரு வீட்டில் நல்ல பெயர் எடுத்துவிட்டால் அந்தத் தாயின் வாய் வழியாகவே அடுத்த வீடு வந்துவிடும். ஆனால் ஏஜென்சி அம்மா அசைந்து கொடுக்கவில்லை. அனுபவம் இல்லாதவளை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்றாள். எந்த வீட்டிலும் சேர்க்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்று அக்கா கேட்டாள். ஏஜென்சி அம்மா அடுத்த போனை எடுத்துவிட்டாள்.

கடைசியில் அக்காவே ஒரு வழி பார்த்தாள். பிரசவம் முடிந்த வீடு ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். முதல் மாதம் குழந்தையைப் பார்க்க நர்ஸ் இருந்தாள். அவள் போனபிறகு குழந்தையைத் தன்னிடம் விடுவதானால் பாதிச் சம்பளத்துக்கே வருவதாகச் சொல்லி அக்கா உள்ளே நுழைந்தாள்.

அந்த மாதம் முழுக்க அவள் கை அடுப்பில் இருந்தது, கண் நர்ஸின் கையில் இருந்தது. கழுத்துக்கு எப்படி விரல் கொடுக்கிறாள், முதுகில் எந்த இடத்தில் தட்டுகிறாள், பசி அழுகைக்கு என்ன செய்கிறாள், வயிற்றுவலி அழுகைக்கு என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, தோளில் போட்டுத் தட்டிப் பழகினாள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, அரிசிக்கு ஏப்பம் வந்துச்சா?”

“நல்லா சிரிடி. நாளைக்கு நீயே ‘எனக்கும் ஒரு வீடு பாத்துக் குடுக்கா’ன்னு வந்து நிப்ப.”

நர்ஸ் போனாள். தாய்க்கும் விடுமுறை முடிந்தது. வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் அவள் செருப்பை மாட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாள். கதவு சாத்தியதும் அக்கா குழந்தையைத் தூக்கினாள். அது கையில் நெளிந்தது. அரிசிப் பை நெளிந்ததில்லை. ஆனால் நாலைந்து நாளில் அந்த நெளிவு கைக்குப் பழகிவிட்டது. குழந்தையும் அவள் தோளில் கன்னத்தைப் பதித்துத் தூங்கக் கற்றுக்கொண்டது.

பிள்ளை பார்க்கும் பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வது அது. பிள்ளை வைக்கும் முதல் அடி, பேசும் முதல் வார்த்தை, இதெல்லாம் நம் கண்ணில் படவே இல்லை. சாயங்காலம் தாய் வந்து தானாகப் பார்த்துப் பூரித்துப் போகும்போது நாமும் வாயைப் பிளக்க வேண்டும். அக்கா எத்தனையோ வீடுகளில் அப்படி வாயைப் பிளந்திருக்கிறாள். ஆனால் படுத்தே கிடக்கும் குழந்தைக்கு முதல் என்று என்ன இருக்கப் போகிறது? அவளுக்குத் தெரியாது. நர்ஸும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்து, வாய் முழுக்கச் சிரித்தது. தூக்கத்தில் உதடு கோணுகிற சிரிப்பு இல்லை அது. அவளுக்காகவே சிரித்த சிரிப்பு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்துத் தாயைக் கூப்பிட்டாள்.

“அம்மா, பாப்பா இன்னைக்கு என்னைப் பாத்துச் சிரிச்சுதும்மா. கண்ணுக்குக் கண்ணு பாத்து.”

அந்தப் பக்கம் அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

“உங்களைப் பாத்தா?” என்று கேட்டுவிட்டுத் தாய் போனை வைத்தாள்.

அன்று அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். உடை கூட மாற்றாமல் தொட்டில் பக்கத்தில் மண்டி போட்டு நாக்கை நீட்டினாள், கண்ணை உருட்டினாள், கைதட்டினாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. அக்கா ஓடி வந்தாள்.

“நீங்க கொஞ்சம் சமையல்கட்டுலயே இருங்க” என்றாள் தாய். அவள் திரும்பவில்லை.

அதன்பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. முதலில் குளிப்பாட்டும் வேலை போயிற்று. பிறகு பால் பாட்டில். பிறகு தாயின் கூடப்பிறந்த அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். மாதம் முடிந்ததும், இனி ஆள் தேவைப்படாது என்று தாய் மரியாதையாகத்தான் சொன்னாள்.

போனால் போகிறது, கேட்ட அனுபவம் கைக்கு வந்துவிட்டதே என்று அக்கா நேராக ஏஜென்சிக்குப் போனாள். ஏஜென்சி அம்மா அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அந்தத் தாய்க்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“சமையல் சுத்தமா இருக்கும். நல்லவங்க” என்றது அந்தக் குரல். “குழந்தையா? இல்லையே. குழந்தைய முதல்ல நர்ஸ் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் நான் பாத்துக்கிட்டேன்.”

“நான்” என்ற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. அது அக்காவுக்கு மட்டும் கேட்டது.

“ஏங்க்கா, எங்கிட்டயே கதை விடுறீங்களே” என்றாள் ஏஜென்சி அம்மா.

சாட்சி சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. “நடக்கிற பிள்ளை வீடு இருந்தா சொல்லுங்க” என்று அக்கா எழுந்தாள்.

இப்போது இன்னொரு வீட்டில் இருக்கிறாள். மறுபடியும் நடக்கிற பிள்ளைதான். போன வாரம் அவன் முதல் தடவையாகத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். அக்கா உடனே அதைக் கழற்றிவிட்டாள். சாயங்காலம் வந்த அவன் அம்மா, இன்றைக்கு ஏதாவது புதுசாக உண்டா என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டான், தூங்கினான்.”